யாரும் பார்க்காத பாதம்

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. விடுதியில் என் அறையில் இருந்த தமயந்தி சொன்னாள். அவளுக்கு அவள் சித்தி சொன்னாராம். இடையில் எது மாறியது என்று எனக்குத் தெரியாது. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மீனும் முள்ளும்கூடப் பேசும். ஒரு குன்றின்மேல், சுனைக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் தனியாக நின்றிருந்தாள். அவள் அழகைப் பாடப் பாணர்கள் தொலைவிலிருந்து வருவார்கள். கூந்தலில் தொடங்குவார்கள். கூந்தல் மேகம், நெற்றி பிறை, கண் கயல், கழுத்து சங்கு. இடைக்கு வருவதற்குள் வெயில் இறங்கிவிடும். "கொடியிடை" என்று முடித்துவிட்டு, இருட்டுமுன் குன்றிறங்கிப் போய்விடுவார்கள்.

அம்மனின் இடது குதிகாலில் ஒரு நெருஞ்சி முள் ஏறியிருந்தது. மழை பொய்த்த ஆண்டில் ஊர் ஊராக நடந்தபோது ஏறியது. பிறர் வலியை எடுக்க அவளால் முடியும். தன் வலியை எடுக்க முடியாது. மனிதரிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூடாது.

சுனையிலிருந்து கயல் மீன்கள் சிரிக்கும்.

"இன்றைக்கும் எங்களைத்தானே பாடினார்கள்? உன்னை யார் பாடினார்?"

"நீங்களாவது என் காலைப் பாருங்களேன்."

"முகம்தான் தெரிகிறது. கீழே எல்லாம் கரை மறைக்கிறதே!"

முள் மெல்லச் சொல்லும்: "திட்டாதே தாயே. நானாக வரவில்லை. நீதான் மிதித்தாய்."

"திட்டவில்லை. பேச்சுத்துணைக்கு நீயாவது இருக்கிறாய்."

ஒருநாள் தலைமைப் பாணருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாழ் சுமந்து வந்தவரின் மகள் வேம்பியை முன்னே நிறுத்தினார்கள். அவள் வீட்டில் அதுவரை யாரும் பாடியதில்லை.

"கூந்தலில் தொடங்கு. மேகம் என்று சொன்னால் போதும், மிச்சம் தானாக வரும்" என்றார் பாணர்.

வேம்பிக்குத் தலை நிமிரவில்லை. "அப்பா, பயமாக இருக்கிறது."

"தரையைப் பார்த்தே பாடு, தாயி" என்றார் அவள் அப்பா.

தரையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பாதங்கள் இருந்தன. பாதத்தில் தொடங்கிப் பாடினாள். நான்கு சொல்லில் நிறுத்திவிட்டாள்.

"மறந்துவிட்டாளா? சுமை தூக்குகிறவன் மகளைப் பாடச் சொன்னால் வேறென்ன ஆகும்!" யாரோ சிரித்தார்கள்.

"ஐயா, கால் வீங்கியிருக்கிறது."

"யாருக்கு?"

"அம்மனுக்கு."

சிரிப்பு நின்றது. வேம்பி உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, நகத்தால் முள்ளை எடுத்தாள். "வருகிறேன், தாயே" என்று முள் மண்ணில் விழுந்தது. அம்மன் கண் கலங்கியது. அதைக் கயல் என்று யாரும் சொல்லவில்லை. கண் என்றே பார்த்தார்கள்.

வேம்பி விட்ட இடத்திலிருந்து மேலே பாடினாள். பாட்டு கூந்தலுக்கு வந்தபோது வெயில் போயிருந்தது. ஆனாலும் யாரும் எழவில்லை.

பிறகு எல்லோரும் குன்றிறங்கினார்கள். அம்மன் மறுபடி தனியாக நின்றாள். வலி இல்லை. பேச்சுத்துணைக்கு முள்ளும் இல்லை.

அன்று முதல்தான், பெண் தெய்வத்தைப் பாட வருகிறவர்கள் முதலில் குனிந்து, அடியில் தொடங்கி முடிவரை ஏறிப் பாடுகிறார்கள்.

பிறகு நூலகத்தில் தேடினேன். தெய்வத்தை அடியிலிருந்து முடிவரையும், மனிதரை முடியிலிருந்து அடிவரையும் பாடுவது மரபு என்று இருந்தது. எல்லாப் புலவர்களும் அப்படியே பாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெய்வத்தை அடியில் தொடங்கக் காரணம் பணிவு என்றிருந்தது. முள்ளைப் பற்றி ஒன்றும் இல்லை.

எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கும் போய்ப் பார்த்தேன். பட்டுப்புடவை தரைவரை கட்டியிருந்தது. பாதம் தெரியவில்லை.