காலி வீட்டுக்கு மட்டும் சுவர்

ஒரு காலத்தில், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடு ஒன்றில் ஒரு முந்திரிக் கன்று நின்றது. நின்றது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அக்கம்பக்கத்துக் கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்துவிட்டன. இதுவோ முழங்கால் உயரத்தில், சிறுத்துப் போன இலைகளோடு முனகிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக்காரர் வைத்திலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா, தனபாக்கியம்! இது தேறாது. மழை உட்டதும் புடுங்கிப் போட்டுட்டு வேற கன்னு வெச்சிடப் போறேன்."

"ஏங்க, இந்த மழையும் பேஞ்சு முடியட்டும்," என்றாள் அவர் மனைவி. "ஒரு கொழுந்து வந்தா உட்டுடுங்க. வரலைன்னா உங்க இஷ்டம்."

மேலே பேசியது கீழே கன்றின் வேருக்குக் கேட்டது. 

வேரோடு ஒரு பூஞ்சை இழை குடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. பாதி உடம்பு வேருக்குள்ளே, பாதி உடம்பு மண்ணிலே. மண்ணில் அலைந்து சத்து கொண்டுவருவது இழையின் வேலை. இலை சமைத்த சர்க்கரையில் இழைக்கும் ஒரு பங்கு தருவது வேரின் வேலை. இப்படித்தான் இரண்டும் காலம் தள்ளி வந்தன.

ஆனால் அந்த மண்ணில் மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, பெரும் பஞ்சம். மணிச்சத்து இல்லாமல் கொழுந்து வராது. இல்லை என்றும் சொல்ல முடியாது, இருந்தது. அதை இரும்பு பிடித்து வைத்திருந்தான். செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தவன் அவன்தான். வைத்திலிங்கம் நடும்போது போட்ட உரத்தில் பெரும்பங்கை அவனே அமுக்கிக்கொண்டான். தானும் தின்னமாட்டான், அடுத்தவரையும் தின்ன விடமாட்டான். அப்படி ஒரு பிறவி.

பயத்தில் வேருக்குக் கோபம் வந்தது. அது இழையின் மேல் பாய்ந்தது.

"சும்மா உக்காந்து தின்னவா உன்னை உள்ள சேத்தேன்? இனிமே சர்க்கரை கிடையாது. மொதல்ல மணிச்சத்தைக் கொண்டா, அப்புறம் பேசு!"

"சர்க்கரை இல்லாம நான் எப்படி நடப்பேன்? நடக்காம எதைக் கொண்டாருவேன்?" என்று இழை கேட்டது.

வேர் கதவைச் சாத்திக்கொண்டது. பட்டினி கிடப்பவரிடம் நியாயம் பேசி என்ன பயன்? ஆனாலும் எனக்கு அந்த வேரின் மேல் கோபம்தான்.

இழை நாலு திசையிலும் கிளை விட்டிருந்தது. அதில் ஒரு கிளையின் நுனி வடக்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே, ஒரு சாண் தூரத்தில், எப்போதோ வெட்டிய பலா மரத்தின் வேர் மக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மணிச்சத்து அப்போதுதான் கசியத் தொடங்கியிருந்தது. இரும்பின் கை இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

"நாம முந்திக்கணும்," என்றது நுனி.

இரும்பு சிரித்தான். "அடேங்கப்பா! வயித்துக்கே வழியில்ல, உனக்கு ஒரு சாண் பயணமா? நான் இதோ எட்டிப் பிடிச்சிடுவேன். நீ பாதியிலேயே காஞ்சு கருவாடாகிடுவே."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நுனியின் தெம்பு பாதி வழிக்குக்கூடப் போதாது.

ஆனால் இரும்புக்கு ஒன்று தெரியாது. இந்த இழைகளின் வம்சத்தில் உடம்புக்குள் தடுப்புச் சுவர் எழுப்பும் வழக்கம் கிடையாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திறந்த கூடம். சாறும் உயிரும் தாராளமாகப் போய்வரும். ஒரு கிளையைக் காலி செய்துவிட்டுப் புறப்படும்போது மட்டும்தான், சாறு பின்னால் ஒழுகிவிடாமல் ஒரு சுவர் எழுப்புவார்கள்.

நுனி குரல் கொடுத்தது. "தெக்கே போன தம்பி, உன் பக்கம் ஏதாவது அகப்பட்டுதா?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் சரளைக்கல்லு."

"அப்போ கெளம்பி வந்துடு. உன்கிட்ட இருக்கிற அத்தனை சாறையும் அள்ளிக்கிட்டு எங்கிட்ட வா."

தெற்குக் கிளை தயங்கியது. "கல்லு இடுக்குல ஒடம்பை நுழைச்சு நுழைச்சுப் பிடிச்ச எடம்க்கா. இதை உட்டுட்டா எனக்குன்னு என்ன இருக்கு?"

"நான் இருக்கேன்டா. எடம் போனாப் போவுது, நீ வா."

தெற்குக் கிளை ஒரு முறை தன் கல் இடுக்கைத் தடவிப் பார்த்தது. பிறகு சாற்றை எல்லாம் திரட்டிக்கொண்டு புறப்பட்டது. பின்னால் சுவர் விழுந்தது. மேற்கே போயிருந்த கிளையும் வந்தது. நுனிக்குத் தெம்பு ஏறியது. அது பாதி வழி தாண்டியது, முக்கால் வழியும் தாண்டியது. இரும்பு சிரிப்பதை நிறுத்தினான்.

கிழக்குக் கிளை மட்டும் அசையவில்லை. எல்லாக் கிளைகளையும் விட நீளமாகப் போன கிளை அது. அதனால் கொஞ்சம் தலைக்கனம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட திரும்பவா? நாளைக்கே இங்க ஏதாவது கிடைக்கும்," என்றது.

மழை விட்டது. பலா வேருக்கு ஒரு மயிரிழை தூரத்தில் தெம்பு தீர்ந்து நுனி நின்றுபோனது. அந்தப் பக்கத்திலிருந்து இரும்பும் கையை நீட்டினான். மேலே காலடிச் சத்தம் கேட்டது. வைத்திலிங்கம் கன்றை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"கடப்பாரைய எங்க வெச்சே, தனபாக்கியம்?"

"அட, மண்ணு இன்னும் சேறா கெடக்குதுங்க. ஈரம் கொஞ்சம் காயட்டும்!"

கிழக்குக் கிளைக்கு அப்போதுதான் உறைத்தது. கன்று போனால் வேர் இல்லை, வேர் போனால் இழை இல்லை. எவ்வளவு நீளமாகப் போய் என்ன?

"அக்கா, இந்தா, வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே அது தன் நீளம் முழுவதையும் உருவிக்கொண்டு ஓடிவந்தது.

நுனி பாய்ந்தது. பலா வேரைத் தொட்டது, சுற்றி வளைத்தது, மணிச்சத்தை மடமடவென்று உறிஞ்சியது. இரும்பின் கைக்கு அகப்பட்டது வெறும் ஈரம்.

சாத்திய கதவின் முன்னால் மணிச்சத்து வந்து குவிந்தது. வேர் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்துப் போனது.

"நான் உனக்கு ஒரு துளிகூடத் தரலியே. எதைத் தின்னு அவ்வளவு தூரம் போனே?"

"என்னையேதான்," என்றது இழை.

வேருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அது மேலே இலைகளுக்குச் சொல்லி அனுப்பி, இருந்த சர்க்கரையில் இழையின் பங்கை முதலில் எடுத்து வைத்தது. அன்றிலிருந்து அந்தக் கதவு சாத்தப்படவே இல்லை.

ஈரம் காய்ந்தது. வைத்திலிங்கம் தோளில் கடப்பாரையோடு வந்தார். கன்றின் உச்சியில், செம்பு நிறத்தில் மினுமினுவென்று ஒரு கொழுந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"பாத்தியா? நான்தான் அப்பவே சொன்னேன்ல, இது தேறிடும்னு!"

"ஆமாமா, நீங்கதான் சொன்னீங்க," என்று தனபாக்கியம் சிரித்தாள். "அந்தக் கடப்பாரையக் கொண்டுபோயி உள்ள வெச்சுட்டு வாங்க."

கீழே, பலா வேரின் மேல் உட்கார்ந்து, நுனி நிம்மதியாக மூச்சு விட்டது. வந்து சேர்ந்த சர்க்கரையைப் பார்த்துவிட்டு, சுற்றியிருந்த கிளைகளைக் கேட்டது: "இன்னும் நெறைய மண்ணு பாக்கியிருக்கு. யாரு போறீங்க?"

"நான் போறேன்க்கா!" என்று முதலில் துள்ளிக் கிளம்பியது, சரளைக்கல்லை விட்டுவிட்டு வந்த அந்தத் தெற்குத் தம்பிதான்.