மூன்று சட்டி சாஸ்

"மதாம், ஸ்டேக்குக்கு எந்த சாஸ் வைக்கலாம்?"

மர்செலின் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"ஸ்டேக்குக்குத்தான்."

"ஸ்டேக் எங்கண்ணே சாஸ் சாப்பிடப்போவுது?"

சவரிராயன் அடுப்பைப் பார்த்தார். மிளகு சாஸ் ஒரு சட்டியில், காளான் சாஸ் ஒன்றில், கடுகு சாஸ் ஒன்றில். மூன்றும் கொதித்து அடங்கியிருந்தன. மூன்றும் நன்றாகவே இருந்தன. அதுதான் தொல்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மர்செலினுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. புதுச்சேரியில் கடலைப் பார்த்த தெரு ஒன்றில் நாலைந்து மேஜை போட்ட சாப்பாட்டுக்கடை அவளுடையது. கல்யாண வீடுகளில் அண்டா அண்டாவாகப் பிரியாணி இறக்கிய மனிதர், ஒரு நாள் அங்கே ஒரு ஸ்டேக் சாப்பிட்டார். மறுநாள் காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"இதைக் கத்துக்கணும் மதாம்."

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. தரையெல்லாம் எண்ணெய், வழுக்கும்."

அது முதல் பாடம்.

கறியை அவள் கற்றுக்கொடுத்தாள். எப்போது உப்பு, எவ்வளவு நெருப்பு, சுட்டபின் எத்தனை நேரம் அதைத் தொடாமல் சும்மா விடுவது, எல்லாம். சாஸை மட்டும் கற்றுத்தரவில்லை. அது அவரவர் பாடு என்றாள். முசியே அமலோரின் தட்டு துடைத்ததுபோல் திரும்பி வந்தால் அடுப்பு சவரிராயனுக்கு. அதுவரை வெங்காயம்.

முசியே அமலோர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்குகிறவர். சனிக்கிழமை மதியமானால் மூலை மேஜை, ஒரு ஸ்டேக். கறியைத் தின்றுவிடுவார். உருளைக்கிழங்கைத் தின்றுவிடுவார். சாஸ் மட்டும் குளம்போல் அப்படியே நிற்கும்.

ஒரு சனிக்கிழமை மிளகு. குளம். அடுத்த வாரம் காளான். குளம். அதற்கடுத்த வாரம் கடுகு.

"கலர் கலரா குளம் வெட்டிட்டீங்க," என்றாள் மர்செலின். "இனிமே மீன் விட வேண்டியதுதான்."

இன்றைக்கு நாலாவது சனிக்கிழமை. காலையில் மைத்துனன் தார்சியுஸ் போன் பண்ணியிருந்தான்.

"மச்சான், நாளைக்குக் கல்யாணம். பெரிய அண்டாவுக்கு ஆள் இல்லை. வந்தா உன் எடம் உனக்கு. வரலேன்னா வேற ஆளை நிரந்தரமாப் போட்டுடுவேன். ஊரே மெச்சுற கையை வச்சிக்கிட்டு அங்க போயி வெங்காயம் உரிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"

"மத்தியானம் சொல்றேன்," என்றார் சவரிராயன்.

இன்றைக்கும் குளமென்றால் அண்டாவுக்கே திரும்பிவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார். அதனால்தான் மூன்று சட்டி.

"முசியே அமலோருக்கு மதாம்," என்றார் இப்போது. "அவருக்கு எந்த சாஸ்?"

மர்செலின் கத்தியை வைத்தாள்.

"ஆளு எப்படி இருப்பாரு?"

சவரிராயன் யோசித்தார்.

"தட்டுதான் தெரியும்."

அடுப்பங்கரைக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவே, தட்டு நீட்டுவதற்கு ஒரு மரச்சன்னல் இருந்தது. வந்த நாள் முதல் அதைச் சவரிராயன் சாத்தியே வைத்திருந்தார். தட்டு போக ஒரு கை அகலம் திறப்பார், உடனே மூடிவிடுவார். கல்யாண வீட்டில் அண்டாவைச் சுற்றிக் கீற்று வைத்து மறைத்துவிட்டுத்தான் நெருப்பே மூட்டுவார்கள். சாப்பிடுகிற ஆயிரம் பேரில் ஒருவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை.

மர்செலின் சன்னலை முழுக்கத் திறந்தாள்.

"ஐயோ, மூடுங்க மதாம். சட்டிமேல கண்ணு படும்."

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஊத்திட்டு வாங்க."

மூலை மேஜையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஓர் ஒல்லி மனிதர் உட்கார்ந்திருந்தார். எதிரே, நரைத்த கொண்டையும் நீலப் புடவையுமாக ஓர் அம்மாள்.

"எத்தனையோ தரம் கூப்பிட்டீங்க, வந்துட்டேன்," என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப பேசவே மாட்டேங்கிறீங்க."

"பேசறேன் டீச்சர். பேசத்தான் போறேன்."

சவரிராயன் தண்ணீர் ஊற்றினார். அமலோர் கோப்பையைத் தூக்கினார். கை நடுங்கியது. சட்டென்று கீழே வைத்துவிட்டுச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒன்றும் படவில்லை. டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிய பிறகு, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தார்.

"சூப் சொல்லலாமா?" என்றார் டீச்சர்.

"எனக்குப் புடிக்காது."

சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜையில் ஒருவர் ரொட்டியைச் சாஸில் புரட்டித் தின்பதைப் பார்த்தார். குழந்தை பலூனைப் பார்க்கிற மாதிரி.

பிறகு சவரிராயனின் சட்டைக் கையைப் பிடித்துக் காதோடு சொன்னார்:

"இன்னிக்கு சாஸ் வேணாம் தம்பி. வெறும் கறி போதும்."

சவரிராயன் குவளையோடு உள்ளே வந்தார்.

"என்னவாம்?"

"சாஸ் வேணாமாம்."

"நல்லதாப் போச்சு. தட்டு சுத்தமா வந்துடும். அடுப்பு உங்களுக்கு."

சவரிராயன் தலையைச் சொறிந்தார்.

"இல்ல மதாம். அவருக்கு சாஸ்னா உசிரு."

"அவரே வேணாங்கிறாரு."

"சட்டைதான் வேணாங்குது."

மர்செலின் அடுப்புப் பக்கம் திரும்பினாள். கறியை நெருப்பிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தாள். அது சும்மா கிடக்கிற நேரத்துக்குள் சவரிராயன் அலமாரியைத் திறந்து, சலவை செய்து மடித்த அடுப்பங்கரைத் துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு தட்டில் கறியை வைத்தார். கரண்டியை எடுத்தார். ஊற்றினார். நன்றாகவே ஊற்றினார்.

அமலோர் தட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தார்.

சவரிராயன் அவரைக் கவனிக்கவே இல்லை. நேராக டீச்சரிடம் போனார்.

"டீச்சர், இந்த சாஸுக்கு இங்க ஒரு வழக்கம் இருக்கு. கழுத்துல துணி கட்டாம வைக்கமாட்டோம்."

"அப்படியா? எப்பலேர்ந்து?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து."

"கடையே போன வருஷம்தானே திறந்தாங்க?"

"தாத்தா அதுக்கு முன்னாடி டீச்சர்."

டீச்சர் அவரைப் பார்த்தார். எதிரே மேஜைக்கடியில் ஒளித்துக்கொண்ட கைகளைப் பார்த்தார்.

"சரி, கட்டுங்க."

சவரிராயனுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. அண்டாவின் வாய்க்குத் துணி போட்டு இறுக்குகிற முடிச்சு. அதையே போட்டார்.

"அம்மாடி! என்னங்க, பிரியாணி மாதிரி என்னைத் தம் போடறீங்களா?"

பக்கத்து மேஜை சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

"முப்பது வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவ நான். விடுங்க, முசியேவுக்கு நான் கட்டறேன்."

எழுந்து அமலோரின் பின்னால் போய் நின்றார். துணியை விரித்து, சட்டைக் காலரை நீவிவிட்டு, பிடரியில் பூப்போல ஒரு முடிச்சுப் போட்டார். அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்தது. அமலோரின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எங்களுக்கெல்லாம் துணி கிடையாதா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணினோம்?"

சவரிராயன் அவருக்கும் கட்டினார். அவர் மனைவிக்கும் கட்டினார். அப்புறம் வாசல் பக்கத்து மேஜை. எல்லோரும் சாஸ் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். அவர் சன்னலுக்கும் மேஜைக்குமாக ஓடினார், எந்தச் சட்டி கைக்கு வந்ததோ அதிலிருந்து ஊற்றினார். சட்டைப்பையில் போன் அடித்தது.

"மச்சான், மத்தியானமாயிடுச்சு. வரியா இல்லையா?"

"கையில வேலையா இருக்கேன் தார்சியுஸ்."

"என்ன வேலை?"

"துணி கட்டிக்கிட்டிருக்கேன்."

"வெங்காயத்துக்கா?"

போனை வைத்துவிட்டார்.

அமலோர் முதல் துண்டை முள்கரண்டியில் குத்தித் தூக்கினார். நடுங்கியது. வழியில் துணிமேல் சொட்டியது. அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் துணிமேலும் ஒரு பெரிய சொட்டு விழுந்தது. டீச்சருக்குக் கை நடுங்கவில்லை.

"நல்லாருக்கில்ல?" என்றார் டீச்சர்.

அமலோர் பேசத் தொடங்கினார். சாப்பிட்டுக்கொண்டே பேசினார். பட்டாளத்தில் ஒரு கோவேறு கழுதை தன்னை உதைத்ததைப் பற்றி ஏதோ சொன்னார். டீச்சர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சன்னல் வழியாக அந்தச் சிரிப்பு அடுப்பங்கரை முழுக்க வந்தது.

மர்செலின் ஈரக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு துணி பாக்கியில்லை.

"அண்ணே, முசியேவுக்குக் கடைசியில எந்த சாஸ் ஊத்தினீங்க?"

சவரிராயன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். மூன்று சட்டி. மூன்றும் பாதிக்கு இறங்கியிருந்தன.

"மிளகு."

"மிளகா?"

"இல்ல... கடுகு. இருங்க மதாம், காளான்னு நெனைக்கிறேன்."

அவள் காத்திருந்தாள்.

சவரிராயன் சன்னலில் தலையை நீட்டி, நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாமென்று மூலை மேஜையை எட்டிப் பார்த்தார்.

அமலோர் கடைசி ரொட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை.