பத்தாயத்துச் சூடு

மடத்து நெல் பத்தாயம் ஓர் அறை அளவு இருக்கும். அதற்குப் பொறுப்பு சட்டநாதன். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வயதில் மடத்துச் சாமியைவிட மூத்தவர். இருந்தாலும் சீடர் சீடர்தான்.

அவருக்கு வேண்டியது ஒன்றே. தைப்பூசத்தன்று காவி. சாமி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்கழியில் பத்தாயத்து மேல்நெல் நனைந்து கிடந்தது. மக்கல் வாடை. ஓடு ஒழுகுகிறது என்று சட்டநாதன் கூரையைப் பிரித்து மாற்றினார். மழையே இல்லாத வாரத்தில் நெல் மறுபடி நனைந்தது. மேலே முளை எட்டிப் பார்த்தது.

சாமியிடம் போனார்.

“கூரையை மாத்தியும் மேல்நெல்லு நனையுது சாமி. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியலே.”

“பார்ப்போம். வேற என்ன?”

“காவி.”

“அதானே பார்த்தேன். வீட்டு நெனப்பு உண்டா?”

“ஒண்ணுமில்லே சாமி. எல்லாம் விட்டாச்சு.”

சாமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு பத்தாயத்தின் மேல் ஏறினார். சட்டநாதனும் ஏறினார்.

“நெல்லுக்குள்ளே கையை விடும்.”

முழங்கை வரை விட்டார். “சில்லுனு இருக்கு.”

சாமி கடப்பாரையை நெல்லின் நடுவே ஆழ இறக்கினார். இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், வெகுநேரம். பிறகு அதை உருவி, அடிமுனையைச் சட்டநாதன் கையில் வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

“மார்கழியிலே இந்தச் சூடு ஏது?”

“கோடை நெல்லு சாமி. சித்திரை வெயில்.”

“நெல்லு சூட்டை லேசிலே விடாது. உள்ளே இருக்கிற சூடு ஈரத்தை மேலே தள்ளும். மேலே குளிர். அங்கே தண்ணியா நிக்கும். கூரையைப் பிரிச்சு என்ன பண்ண? களத்திலே காஞ்ச நெல்லை ராத்திரி ஆறப்போட்டுத்தானே கொட்டுவாங்க?”

“ஆமா.”

“நீர் என்ன பண்ணினீர்?”

“உச்சி வெயில்லேயே வாரிக் கொட்டிட்டேன்.”

“என்ன அவசரம்?”

சட்டநாதன் கடப்பாரை முனையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டார்.

“வாயிலே என்ன, நெல்லா?”

“தையல்நாயகி வந்திருந்தா. என் பொண்ணு. களத்து ஓரமா நின்னா. பேச்சு கொடுக்க வேணாம்னு கூடை கூடையா சுமந்துகிட்டே இருந்தேன்.”

“அப்புறம்?”

“நின்னு பார்த்தா. போயிட்டா.”

இருவரும் கீழே இறங்கினார்கள். சாமி பத்தாயத்தின் அடிவாய்ப் பலகையைத் தூக்கினார். நெல் சரசரவென்று இறங்கிக் குவிந்தது.

வாரி வாரி முற்றத்து நிழலில் பரப்பினார்கள். சட்டநாதன் காலால் கோடு கோடாகக் கிளறினார். யாரும் கேட்காமலே பேசினார்.

“அவளுக்கு அப்போ நாலு வயசு. நான் கிளறுற கோட்டிலேயே பின்னாடி வருவா. என் கோடு அகலம். அவ கோடு அதுக்குள்ளே எலிவால் மாதிரி. நெல்லு சுடும். சுடுதுன்னு வாயைத் திறக்க மாட்டா. குதிகாலைத் தூக்கிக்கிட்டே வருவா. பிள்ளை காலு வேகுதுன்னு அவ அம்மா வாசல்லேர்ந்து கத்துவா. தூக்கித் தோள்ல வெச்சுக்குவேன். அந்தக் காலு ரெண்டும் என் நெஞ்சிலே கிடந்து சுடும் சாமி.”

சாமி மக்கலைப் புடைத்துக்கொண்டிருந்தார். முறம் ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது.

வெயில் சாய்ந்தது.

“வாரிக் கொட்டிடட்டுமா?”

சாமி நெல்லுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “வேணாம். கிடக்கட்டும். நான் பார்த்துக்கறேன்.”

சட்டநாதன் நகரவில்லை. “அப்போ, காவி?”

“பொண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் எது?”

“வலங்கைமான்.”

“கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”