வட்டுகளின் பெயர் ஏன் நிலைப்பதில்லை

கணினிக்குள் தகவல்களைச் சேமித்து வைக்கும் வட்டுகளெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், உட்காரும் இடத்தைப் பார்த்துத்தான் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரு கேபிளில் இரண்டு இடம். ஒன்று எஜமான், மற்றது அடிமை. கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வட்டின் முதுகிலேயே கூச்சமில்லாமல் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்து ஊரில் கெர்னல் என்ற மேஸ்திரிதான் காலைதோறும் வட்டுகளை எழுப்பி வேலைக்கு எடுப்பவன். இருளாயி அங்கே அடிமை இடத்து வட்டு. கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்த உப்பளத்துப் பெண்களின் குரல்கள் அவள் வயிற்றில் இருந்தன. அவர்கள் பாடியது, ஏசியது, சிரித்தது எல்லாம். பாதிப் பேர் செத்துப்போனார்கள். அந்தக் குரல்கள் வேறெங்கும் இல்லை.

ஒரு காலை, "ஏட்டி அடிமை, எழுந்திரு" என்றான் மேஸ்திரி.

"மாட்டேன். எஜமான் வட்டும் சுத்துது, நானும் சுத்துதேன். அவனுக்கு மட்டும் என்ன, தங்கத்துலயா தகடு?"

"திமிரைப் பாரு! சுத்தலைன்னா கழட்டி எறிஞ்சிருவாங்க."

"எறியட்டும். எல்லாரையுமா எறிவாங்க?"

அவள் நின்றாள். பக்கத்து வட்டுகளும் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் எஜமான் இடத்து வட்டே நின்றுவிட்டது. கணினி வெறும் தகரப் பெட்டியானது.

மேஸ்திரி இறங்கி வந்தான். "சரி, எஜமானும் வேண்டாம், அடிமையும் வேண்டாம். ஆளுக்கொரு கேபிள். காலையில நான் கூப்பிடும்போது யாரு முதல்ல ஆஜர் சொல்லுதாங்களோ அவங்களுக்கு எஸ்டிஏன்னு பேரு. அடுத்த ஆளுக்கு எஸ்டிபி. யாருக்கும் சலுகை கிடையாது. போதுமா?"

வட்டுகள் ஆரவாரம் செய்தன. இருளாயியும் தலையாட்டிவிட்டாள். வென்ற மயக்கத்தில் போராளிகள் செய்கிற பிழை அது. இடத்தை ஒழித்தார்கள், பெயர் வைக்கும் அதிகாரத்தை மேஸ்திரி கையிலேயே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமத்துவத்தின் லட்சணம் சீக்கிரமே தெரிந்தது. வேலவன் என்றொரு புது வட்டு வந்தான். சுழலும் தகடே இல்லாதவன், வயிறும் காலி. மற்ற வட்டுகள் வேறு பெட்டிகளுக்குப் போய், இருளாயி மட்டும் எஸ்டிஏவாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து சேர்ந்ததால், அன்றைக்கு அவன் எஸ்டிபி. மாலையில் கணினியின் முதலாளி, புது வட்டைத் தயார் செய்வதற்காக, 'எஸ்டிபியைத் துடை' என்று உத்தரவு போட்டு, காலையில் கணினி எழுந்ததும் நிறைவேறும்படி வைத்துவிட்டுப் போனான்.

காலையில் மேஸ்திரி கூப்பிட்டான். தகடு வேகம் பிடிக்க இருளாயிக்கு நேரம் வேண்டும். வேலவனுக்கு வேண்டாம்.

"ஆஜர்!" என்றான் வேலவன். எஸ்டிஏ அவனுக்குப் போனது. மூச்சு வாங்க வந்தவளுக்கு எஸ்டிபி. உடனே அவள்மேல் துடைப்பு விழுந்தது.

"மேஸ்திரி! நேத்து எஸ்டிபி அவன்! உத்தரவு அவனுக்கு!"

"நேத்து நேத்தோட போச்சு. இன்னைக்கு எஸ்டிபி நீதான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. நீ கேட்டு வாங்குனதுதானே?"

"ஏலே வேலவா, நீயாவது வாயைத் திற!"

"முதல் பேரு இப்பத்தான்க்கா கிடைச்சிருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் அவன்.

பாட்டுகள் போயின. ஒருத்தியின் சிரிப்பு பாதியில் அறுந்தது. இருளாயி தன் தகட்டைத் தானே இறுக்கி நிறுத்தினாள். மிஞ்சியது பாதி. அந்தப் பாதியைக் காத்துக்கொண்டு, உலகில் வேறெவருக்கும் இல்லாத நீண்ட எண் ஒன்றை ஊசிமுனையால் தன் தகட்டில் கீறிக்கொண்டாள்.

"இதுதான் என் பேரு. எங்க உக்காந்தாலும், எத்தனாவதா வந்தாலும் இதுதான். நீரு வைக்குற பேரை எவனுக்கு வேணும்னாலும் கொடும்."

"வாயில நுழையலையே" என்று இளித்தான் மேஸ்திரி.

"நாக்கு பழகட்டும்."

மற்ற வட்டுகளும் ஆளுக்கொரு எண்ணைக் கீறிக்கொண்டன. லினக்ஸ் கணினியை எழுப்பும்போதெல்லாம் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஆள் விட்டு ஆள் தாவுவதும், வட்டுகள் தாங்களே பொறித்துக்கொண்ட எண்ணில் மட்டும் மாறாமல் நிற்பதும், அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சோம்பல்படுகிறவர்கள் யாரோ ஒருத்தியின் வயிற்றைத் துடைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வதும் அன்று முதல்தான்.