மூன்றாம் வரிசை, ஏழாம் நாற்காலி

அந்தச் சபாவில் ஆள் எழுந்ததும் நாற்காலி தானாக மடங்கிக்கொள்ளும். மூன்றாம் வரிசை ஏழாம் நாற்காலி மட்டும், யாருமே உட்காராமல், பாரம் ஏறியதுபோல் விரிந்தே கிடந்தது. ரிப்பேர் செய்ய வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார். "யாரோ உட்கார்ந்திருக்கிற கனம் இருக்கு சார்" என்று சொல்லி, கருவிப்பையைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்.

செயலாளர் ஆராவமுதன், அரங்கம் கூட்டுகிற பவுனம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து ஒரு மாசம் கச்சேரி, நாடகம். சாயங்காலத்துக்குள்ள அந்த நாற்காலி மடங்கணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது."

"ஆகட்டுங்க ஐயா. நாளைக்கு நீங்க படிக்கப்போற வரவேற்புரையை மேடையேறி ஒருதடவை படிங்க."

செயலாளருக்கு வாயெல்லாம் பல். காலி அரங்கத்தைப் பார்த்துக் கணீரென்று படித்தார். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் நாற்காலி 'டக்'கென்று மடங்கியது. பக்கத்துக் கதவு தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது.

அவர் படிப்பதை நிறுத்தினார். "எங்கே போச்சு?"

"பேச்சு ஆரம்பிச்சா எல்லா ரசிகரும் போற இடம்தாங்க. கேன்டீனுக்கு."

"திரும்பி வருமா?"

"நீங்க பேசுற வரைக்கும் வராதுங்க."

கதவு மெல்லத் திறந்தது. காபி வாசனை வந்தது.

செயலாளர் அவசர அவசரமாக மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.