மடத்தில் ஒரு மௌன சாமி

சீடர் குற்றாலிங்கம் மடத்துக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பன்னிரண்டு நாளாயிற்று. பேச்சில்லை, அசைவில்லை. தேவாரம் பாட வாயைத் திறந்தால் மடமே அதிரும் என்று பேர் வாங்கியவர்.

“சும்மா இருக்கிற நிலை கைகூடிட்டு” என்று சீடர்கள் பூரித்தார்கள். செய்தி ஊருக்குள் போனதும் ஆளாளுக்கு மாலையோடு வந்து காலில் விழுந்தார்கள். மௌன சாமி என்று பேரும் வைத்தாயிற்று. நம் ஆட்களுக்கு ஒருவர் வாயை மூடிக்கொண்டால் போதும், சாமியாக்கிவிடுவார்கள்.

மடத்தில் சமையல் பார்க்கும் சீடர் ஆவுடையப்பன் மட்டும் கும்பிடவில்லை. வைத்த சோறு வைத்தபடி திரும்புவதைப் பார்ப்பவர் அவர்தான். அன்று இலையை எடுக்கக் குனிந்தபோது குற்றாலிங்கம் மெல்லச் சொன்னார்.

“இனி எனக்கு இலை போடாதீரும். நான் இருந்து என்ன ஆகப்போவுது?”

ஆவுடையப்பன் இலையைப் போட்டது போட்டபடி குருவிடம் ஓடினார். மடத்துத் தலைவரான அந்தச் சாமி ஆவுடையப்பனைவிட இருபது வயது சின்னவர்.

“சாமி, நீங்க சொல்லித் தந்த சும்மா இருக்கிறது இதுதானா?”

சாமி எழுந்து நேரே கூடத்துக்குப் போனார். மாலைகளை ஒதுக்கிவிட்டுக் குற்றாலிங்கத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“குத்தாலம், சும்மா இருக்கியா?”

குற்றாலிங்கம் தலை நிமிராமலே சொன்னார்.

“இல்ல சாமி. எந்திரிக்க ஏலல.”

சாமி உடனே ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

மனநல ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினார்.

“எது யாருக்குக் கேக்கும்னு முன்கூட்டியே சொல்ற வழி இன்னும் எங்க கையில இல்ல. தேடிட்டுத்தான் இருக்கோம். ஆனா விட மாட்டோம்.”

ஆவுடையப்பன் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். வார்டு வாசல் பெஞ்சில் சாமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“படிச்ச டாக்டருக்கே தெரியலியே சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லி எழுப்பிரக் கூடாதா?”

“சும்மா இருங்கிற என் வார்த்தையைக் கேட்டுத்தான் அண்ணாச்சி, அத்தனை பேரும் அவனைக் கும்பிட்டாங்க.”

“இந்த மாத்திரையும் கேக்கலேன்னா?”

“அடுத்தது.”

“அதுவும் கேக்கலேன்னா?”

சாமி டாக்டரம்மா எழுதிய சீட்டைப் பிரித்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார். ஆவுடையப்பன் குனிந்து அவர் கையைப் பார்த்தார். சீட்டு கசங்கிப் போயிருந்தது.

“சாமிக்குமா பயம்?”

“ஆமா அண்ணாச்சி. அதான் பூசையை விட்டுட்டு தினமும் இங்க வந்து உக்காந்திருக்கேன்.”