கொம்பு முளைத்த மணப்பெண்

பொத்தையன் என்ற கரடிக்குக் காட்டில் ஒரு காமிரா கிடைத்தது. யானையைக் கண்டு தலைதெறிக்க ஓடிய எவனோ போட்டுவிட்டுப் போனது. பொத்தானை அமுக்கினால் போதும், படம் அப்போதே வெளியே வந்து விழும்.

அன்று முதல் கரடியைக் கையில் பிடிக்க முடியவில்லை! கண்டதையெல்லாம் படம் எடுத்தது. எடுத்த கையோடு, "எப்படி இருக்கு?" என்று கேட்கும். "பிரமாதம்!" என்று சொன்னால் தேனடையில் ஒரு துண்டு கிடைக்கும். "சுமார்தான்" என்று சொன்னால் முறைப்புதான் கிடைக்கும். அப்புறம் யார் சுமார் என்று சொல்வார்கள்? காட்டில் எல்லோருக்கும் நாக்கு இருக்கிறதே!

நரியை எடுத்த படத்தில் வால் மட்டும்தான் இருந்தது. "ஆஹா, என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கு!" என்று நரி தேனை வாங்கிக்கொண்டது. குரங்கை எடுத்த படத்தில் குரங்கே இல்லை. "அடடா, என்னமா எடுத்திருக்கே!" என்று குரங்கு இரண்டு துண்டு வாங்கிக்கொண்டது. கரடிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, செம்பா என்ற புள்ளிமானுக்கு மேட்டுக்காட்டில் வரன் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் தண்ணீர் குடித்ததைப் பார்த்தபோதே செம்பாவுக்குப் பிடித்துப் போயிருந்தது. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. ஆனால் பையனின் அம்மா கறாரான மான். "முதல்ல பொண்ணு போட்டோ வரட்டும். அப்புறம்தான் பேச்சு!" என்று தரகர் நாரையிடம் சொல்லிவிட்டது.

போட்டோவா? பொத்தையன் இருக்கப் பயமேன்!

கரடி செம்பாவை ஒரு பட்ட மரத்துக்கு முன்னால் நிறுத்தியது. "சிரிம்மா!" என்று அமுக்கியது. படம் வந்தது. நரியும் குரங்கும் பிரமாதம் என்றன. செம்பாவின் அம்மாவுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. ஆனால் நமக்கேன் பொல்லாப்பு என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் நாரை மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

"மோசம் போயிட்டோம்! 'பொண்ணைக் கேட்டா மாப்பிள்ளையை அனுப்பியிருக்கீங்களே! எங்க பையனுக்கே இவ்வளவு பெரிய கொம்பு கிடையாதே!'ன்னு அந்தம்மா கத்துறாங்க!"

எல்லோரும் படத்தை எட்டிப் பார்த்தார்கள். பட்ட மரத்தின் கிளைகள் இரண்டும் செம்பாவின் தலையிலிருந்து முளைத்த மாதிரியே நின்றன.

"கலை தெரியாத ஜனங்க!" என்று கரடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "இந்தத் தடவை நாலு பேரைக் கலந்துக்கிட்டே எடுக்கிறேன்."

யோசனை சொல்ல ஆட்கள் ஓடி வந்தார்கள். "ஓரத்துல நான் நின்னா களையா இருக்கும்" என்றது மயில். "மேலே நான் தொங்கினா கலகலன்னு இருக்கும்" என்றது குரங்கு. "பொண்ணு வீட்டுக்கு ஒரு கௌரவம் வேணாமா?" என்று யானை நடுவில் வந்து நின்றது. கரடி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

இந்த முறை நாரை நடந்தே திரும்பி வந்தது. பறக்கவும் அதற்குத் தெம்பில்லை.

"'பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, அதைக்கூடப் பொறுத்துக்கலாம், ஆனா தும்பிக்கை எதுக்கு?'ன்னு கேக்குறாங்க. செம்பாவை அவங்க பார்க்கவே இல்லை. அது யானையோட காலுக்கு நடுவுல கடுகு மாதிரி இருக்கு! இன்னும் ஒரே ஒரு படம்தானாம். அதுவும் சரியில்லேன்னா கீழ்க்காட்டுப் பொண்ணை முடிச்சிடுவாங்களாம்!"

செம்பா விம்மி விம்மி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கரடியின் முன்னால் வந்து நின்றது.

"அண்ணே, உங்க படம் நல்லாவே இல்லை!"

நரி தேன் நக்குவதை நிறுத்தியது.

"இந்தா, தேன்..." என்று கரடி தடுமாறியது.

"எனக்கு எதுக்குத் தேன்? எனக்குக் கல்யாணம் நடக்கணும்! நீங்க என் மூஞ்சியை மட்டும் பார்த்து அமுக்குறீங்க. பின்னாடி என்ன நிக்குதுன்னு பாருங்க. நாலு மூலையும் பாருங்க. வேண்டாததைத் தள்ளிட்டு அப்புறமா அமுக்குங்க!"

கரடிக்குச் சுருக்கென்றது. கோபித்துக்கொண்டு புதருக்குள் போய், மிச்சத் தேனையெல்லாம் தானே தின்று தீர்த்தது. தின்றபடியே பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. குரங்கில்லாத குரங்குப் படத்தைப் பார்த்ததும் அதற்கே வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து வந்து, "வாம்மா, எடுப்போம்" என்றது.

செம்பாவைப் புல்மேட்டில் நிறுத்தி, காமிராவில் கண்ணை வைத்து முணுமுணுத்தது.

"மேல் மூலை ரெண்டும் வானம். சரி. கீழ வலது மூலை, புல்லு. சரி. கீழ இடது மூலை... மஞ்சளா, கோடு கோடா... யாருங்க அது? படம் கெடுது, தள்ளுங்க!"

புல்லுக்குள் பதுங்கியிருந்த புலி திடுக்கிட்டது. பிறந்ததிலிருந்து அதை யாரும் தள்ளிப் போகச் சொன்னதில்லை.

"என்னையா சொன்னே?"

"உங்களைத்தான்! பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே! வந்தா முழுசா வாங்க, இல்லேன்னா முழுசாப் போங்க!"

சொன்ன பிறகுதான், யாரிடம் பேசுகிறோம் என்று கரடிக்கு உறைத்தது. "ஐயோ, புலி!" என்று அலறியது. செம்பா ஒரே பாய்ச்சலில் எம்பியது. கரடி பதறியதில் காமிரா வானத்தைப் பார்த்து நிமிர, விரல் பொத்தானை அமுக்கியது.

புலி பாயவில்லை. முழுசாக முன்னால் வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டது. அது இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பதற்குள் செம்பா ஓடையைத் தாண்டிவிட்டது. கரடி மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

அந்தப் படத்தை நாரை மேட்டுக்காட்டுக்குக் கொண்டுபோனது. அந்தரத்தில் செம்பா. பின்னால் வெறும் வானம். கிளையுமில்லை, தும்பிக்கையுமில்லை.

பையனின் அம்மா படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

"இதுதான் பொண்ணு! என்னா துள்ளல், என்னா துணிச்சல்! நாளைக்கே பரிசம் போட வர்றோம்னு சொல்லு!"

பிரமாதம் என்று சொல்பவர் நம் தேனைத்தான் தின்பார். நம் முகத்துக்கு நேரே குறையைச் சொல்பவரே நம்மைக் கரையேற்றுவார்.